ரசமட்டம் பொய் சொல்கிறது

அப்பெல்ஸ்கா, முகாம் திடல்
5 ஜூன் 1988

யெல்லே,

"அன்புள்ள தம்பி" என்று ஆரம்பிக்கவில்லை, கவனித்திருப்பாய். ஈஸ்டர் அன்று உன் பெண்டாட்டி டவுட்சன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துக்கொண்டே, "ஒரு கேரவனுக்கு ரெண்டு குடும்பம்னா சரிப்படாது" என்றாளே, அன்றிலிருந்து உங்கள் இருவர் மேலும் எனக்கு ஒரு கண். தொலைபேசியில் பேசினால் நாம் கத்திக்கொள்வோம். அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை, நீ கொண்டுவந்து விட்டிருந்த போப்பேயின் பண்ணைக் கொட்டகையிலிருந்து கேரவனை எடுத்தோம். மூன்று வாரம் எங்களுக்கு, மூன்று வாரம் உங்களுக்கு என்று நான்கு வருஷமாக நடக்கிற ஏற்பாட்டில் இதுவரை ஒரு கரண்டி காணாமல் போனதில்லை. இந்தத் தடவை, காரிலிருந்து கழற்றிவிட்டுப் பார்த்தால், பின்பக்கத்து இடது மூலைக்கால் வளைந்திருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் பாதியில் சிக்கிக்கொண்டு முனகுகிறது. போப்பேயின் பசு வந்து வளைத்திருக்காது.

அது போகட்டும். நீ முன்பக்கத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறாயே ஒரு ரசமட்டம், அது பொய் சொல்கிறது. அதன் குமிழியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் உன் அத்தான் ஸீப்ரன் உள்ளே போய் நின்றுவிட்டு, "இது சாஞ்சிருக்கு, மின்கே. எனக்குத் தலையே சுத்துது" என்கிறார். முப்பத்தோரு வருஷம் டைல்ஸ் பதித்தவர். இந்தப் பக்கத்துக் குளியலறைகளில் பாதியில் தண்ணீர் ஒழுங்காக வடிகிறது என்றால் அது அவர் கைவண்ணம். கடைசியில் உன் குமிழியைப் பார்க்காமல் தன் கண்ணை நம்பி நிறுத்தினார். ஆனால் நீ முதலில் குழப்பிவிட்டதால் அதுவும் சரியாக அமையவில்லை. ஒரு வாரமாகத் தூக்கத்தில் சுவரோடு சுவராக உருண்டுபோய்ப் படுத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, பால் திரிந்துவிட்டது.

இங்கே உள்ளவர்களை உனக்குத் தெரியும். புது வண்டி ஒன்று திடலுக்குள் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். வருஷா வருஷம் ஸீப்ரன் ஒரே தடவையில் நிறுத்துவதைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். இந்தத் தடவை ஐந்து முறை ஏற்றி இறக்கினார். ஒருவன் சிரித்தான்.

நவம்பரில் முழங்கால் வலி என்று வேலையை விட்டதிலிருந்து அவர் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கேரவன் ஒன்றுக்காகத்தான் எழுந்து சட்டை மாற்றுகிறார். அதையும் நீ கெடுத்தால் நான் மன்னிக்க மாட்டேன். அந்த ரசமட்டத்தை வேண்டுமென்றே கோணலாக ஒட்டினாயா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது.

மின்கே


பாலக் குடிலிலிருந்து
9 ஜூன் 1988

மின்கே அக்கா,

இல்லை.

நீ ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனால் இன்று காற்று பலமாக இருப்பதால் படகுகள் வரவில்லை, பாலத்தைத் தூக்கும் வேலையும் இல்லை. அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

முதலில் இதை யோசி. குமிழியை நம்பி நிறுத்தி நீ உருண்டால் குமிழி மேல் தப்பு. அத்தானின் கண்ணை நம்பி நிறுத்தி நீ உருண்டால் யார் மேல் தப்பு? நீ எழுதியதை நீயே இன்னொரு முறை படித்துப் பார். கேஸில் ஓடும் அந்த ஃப்ரிட்ஜ் வண்டி சாய்ந்து நின்றால் குளிராது. என் முறையில் பால் ஒரு நாளும் திரிந்ததில்லை.

இரண்டாவது, கால். அத்தான் எப்படி நிறுத்துகிறார் என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முறை இதுதான். முதலில் இடம், வலம் பார்க்க வேண்டும். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைச் சரிவுக்கட்டை மேல் ஏற்றி, முட்டுக்கட்டை வைத்த பிறகுதான் காரைக் கழற்ற வேண்டும். முன், பின் சரிபார்ப்பது வண்டியின் முன்நுனியில் இருக்கிற மூக்குச் சக்கரத்தைத் திருகி. மூலைக்கால்கள் நான்கும் கடைசி; தரையைத் தொட்டு, வண்டி ஆடாமல் பிடித்தால் போதும். அந்தக் காலைத் திருகித் திருகி வண்டியையே தூக்கப் பார்த்தால் கால் வளையும், அடிச்சட்டமும் முறுக்கிக்கொள்ளும். ஐந்து முறை ஏற்றி இறக்கினார் என்று நீயே எழுதியிருக்கிறாய். காலாலா ஏற்றினார்?

மணி அடிக்கிறார்கள், காற்றையும் பார்க்காமல் ஒரு பைத்தியக்காரன் பாய் விரித்து வந்திருக்கிறான். பாலத்தைத் தூக்க வேண்டும்.

யெல்லே


அப்பெல்ஸ்கா
13 ஜூன் 1988

யெல்லே,

உன் கடிதத்தை ஸீப்ரனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு முறை சொல்லிக்கொடுக்க நீ யார்? பாலத்தை ஏற்றி இறக்குகிற உனக்கே மேடு பள்ளம் இவ்வளவு தெரிகிறதென்றால், காலம் முழுக்கத் தரையில் முட்டி போட்டவருக்குத் தெரியாதா?

காலால் அவர் தூக்கவில்லை. வண்டியை எடுத்த அன்றே கால் வளைந்திருந்தது என்று எழுதினேனே, அதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறாய். சின்ன வயசிலும் நீ இப்படித்தான்.

மின்கே


குளக்கரை
22 ஜூன் 1988

அக்கா,

சனிக்கிழமை கேரவனை எடுத்துவந்து, பாலத்துக்குப் பக்கத்தில் குளக்கரையில் நிறுத்தியிருக்கிறோம். இங்கிருந்தே வேலைக்குப் போய் வருகிறேன். முன்பக்கத்தில் ரசமட்டம் இருந்த இடத்தில் காய்ந்த பசையும் கத்திக் கீறலும்தான் இருக்கின்றன. சுரண்டி எடுத்திருக்கிறீர்கள். கேட்டால் "எடுக்கவில்லை" என்பாய், எனக்குத் தெரியும்.

நான் சண்டை போடப் போவதில்லை. கடைக்குப் போய்ப் புதியதாக வாங்கிவிட்டேன். குறுக்காகவும் நெடுக்காகவும் இரண்டு குமிழி உள்ள ரசமட்டம். இந்த முறை பசை இல்லை, திருகாணி. பொருத்துவதற்கு முன்னால் வீட்டுக்குள் மேடை மேல் வைத்துப் பார்த்தேன், அப்புறம் அதையே முனை மாற்றித் திருப்பி வைத்தும் பார்த்தேன். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றது. கோணல் கருவி என்றால் திருப்பினதும் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய மரக்கட்டைகளுக்குப் பதிலாகப் படிப்படியாக உயரும் பிளாஸ்டிக் சரிவுக்கட்டை இரண்டு வாங்கினேன். மரம் மழையில் ஊறி நடுவில் பிளந்திருந்தது. கால்களின் திருகுத்தண்டில் மண் அப்பிக் காய்ந்திருந்ததைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கிரீஸ் போட்டேன். வளைந்த காலையும் மாற்றியாகிவிட்டது. ஈரமான இடத்தில் ஒவ்வொரு கால் அடியிலும் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கியிருக்கும்.

டவுட்சன் சொல்கிறாள்: "உங்க அக்கா புருஷனுக்கு முழு வண்டியும் வேணும். நம்மளே அலுத்துப்போய் விட்டுட்டுப் போகணும்னு பண்றாங்க." நான் "இருக்காது" என்றேன். சத்தியமாக, அரை மனதோடுதான் சொன்னேன்.

யெல்லே


அப்பெல்ஸ்கா
17 ஜூலை 1988

யெல்லே,

ரசமட்டத்தை நாங்கள் சுரண்டவில்லை. என் கண் முன்னால் யாரும் அதைத் தொடவில்லை. நீயே சுரண்டி எடுத்துவிட்டு எங்கள் தலையில் கட்டுகிறாய்.

உன் புது ரசமட்டம் பழையதைவிட மோசம். முதல் நாள் ஸீப்ரன் அதைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து உட்கார்ந்தார். "இதுவும் அதையேதான் சொல்லுது" என்றார். எதை என்று கேட்டதற்கு, சரிவுக்கட்டையை எடுக்கப் போய்விட்டார். மறுநாள் அவரே நிதானமாக இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்தினார். குமிழி நடுவில் வந்தது, அவருக்கும் சரி என்று பட்டது. நிம்மதியாக இருந்தார். ஆனால் நான் மறுபடியும் சுவரோரமாக உருள்கிறேன். வெண்ணெய் எண்ணெயாகிவிட்டது. ஆக உன் கருவி நடுவில் காட்டியும் வண்டி கோணல். அப்படியென்றால் கருவி கோணல்தானே? இதற்கு என்ன சொல்லப் போகிறாய்?

பக்கத்துக் கூடாரத்து ஆள், பத்து மணிக் காபிக்கு வந்தவன், மேஜையில் கோப்பையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், கப்பல்ல இருக்கிற மாதிரி இருக்கே!" என்று கிண்டல் செய்தான். ஸீப்ரன் அவனை எழுந்து போகச் சொன்னார். அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. சர்க்கரை ரொட்டியைக் கையில் பிடித்தபடி அந்த ஆள் போய்விட்டான். எனக்கு அவமானமாகிவிட்டது.

நீ எங்களை இந்தத் திடலை விட்டே துரத்தப் பார்க்கிறாய். டவுட்சனுக்கு என் நன்றியைச் சொல்.

மின்கே


குளக்கரை
2 ஆகஸ்ட் 1988

மின்கே அக்கா,

இன்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

ரசமட்டத்தின் திருகாணியைக் கழற்றினேன். ஒரு முனைக்கு அடியில் பீர் கோப்பை வைக்கும் அட்டை ஒன்றை மூன்றாக மடித்துச் சொருகியிருக்கிறது. வெளியே தெரியாதபடி கத்தியால் ஓரம் சீவியிருக்கிறது, அவ்வளவு சுத்தமான வேலை. இந்த மாதிரி ஓரம் சீவுகிறவர் நம் குடும்பத்தில் ஒருவர்தான். எனக்கு அந்தக் கை வராது என்று உனக்கே தெரியும்.

அதாவது, கோணலாக நின்றால்தான் குமிழி நடுவில் வரும்படி செய்திருக்கிறார். எதற்கு? நான் காலையிலிருந்து யோசிக்கிறேன். எங்களைத் துரத்துவதற்கு என்றால், உங்கள் முறையில் உங்கள் பாலையே திரிய வைப்பானேன்? அதில் அறிவில்லை. அத்தான் அறிவில்லாதவர் அல்ல. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் அவர் எதையோ மறைக்கிறார், அல்லது நீங்கள் இருவரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறீர்கள்.

அட்டையை எடுத்துவிட்டு ரசமட்டத்தை ஒழுங்காகப் பூட்டியிருக்கிறேன். உன் முறை வரும்போது ஒரே ஒரு காரியம் செய். அத்தான் நிறுத்தி முடித்த பிறகு, அவர் ரொட்டி வாங்கப் போயிருக்கும் நேரம் பார்த்து, அடுப்பில் வைக்கும் தகரத் தட்டை மேஜை மேல் வைத்துத் தண்ணீர் ஊற்று. தண்ணீருக்கு அக்கா, தம்பி கிடையாது. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார். அப்புறம் வெளியே வந்து என் குமிழியைப் பார். இரண்டும் ஒன்று சொன்னால் நான் பொய்யன் இல்லை. வேறு வேறு சொன்னால் என் பாதியை உனக்கே விட்டுவிடுகிறேன், அதோடு ஈஸ்டருக்கு டவுட்சன் சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இதை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டாதே.

யெல்லே


அப்பெல்ஸ்கா
24 ஆகஸ்ட் 1988

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. கட்டிய நாளிலிருந்து அவருக்குத் தெரியாமல் நான் வைத்துக்கொண்ட முதல் கடிதம் இது. தலையணை உறைக்குள் வைத்திருந்தேன், வெட்கமாக இருந்தது.

இன்று காலை பத்துக்கு ரொட்டி வாங்கப் போனார். தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றின வேகத்தில் எல்லாம் ஒரு பக்கமாக ஓடி, விளிம்பைத் தாண்டி மேஜையில் கொட்டியது. மறுபக்கம் தட்டு காய்ந்தே கிடந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். உன் குமிழியும் அதே பக்கத்தைத்தான் காட்டியது. நீ பொய்யன் இல்லை.

எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாது. என்னை ஏமாற்றினாரே என்று துடைக்கிற துணியைக் கையில் பிடித்தபடி ஜன்னலில் நின்று அவர் வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் திடலின் அந்தக் கோடியில் திரும்பினார். கையில் ரொட்டிப் பை. யெல்லே, அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். வேலி முடிகிற இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார், யாரும் இல்லை என்று தெரிந்ததும் கால்களை அகல வைத்து, இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து புல்லைத் தாண்டினார். குடிகாரன்கூட அதைவிட நேராக நடப்பான்.

நான் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று கேட்பாய். குளிர்காலத்திலிருந்து எங்கே போனாலும் என் கையைக் கோத்துக்கொண்டுதான் நடக்கிறார். இத்தனை வருஷம் கழித்து மனுஷனுக்குப் பிரியம் வந்துவிட்டதே என்று நினைத்தேன். கடைத்தெருவில் பெருமையாகக்கூட நடந்தேன்.

இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. "ரொட்டி சூடா இருக்கு" என்று கொடுத்தார், "சரி" என்று வாங்கிக்கொண்டேன். இப்போது யோசித்தால் ஒவ்வொன்றாக வருகிறது. இடது காதில் தொலைபேசியை வைப்பதில்லை. இடப்பக்கம் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, நான் அதைத் திமிர் என்று நினைத்தேன். எனக்கு இப்போது முழங்கால் வலியின் மேலும் சந்தேகம்.

மின்கே


பாலக் குடில்
27 ஆகஸ்ட் 1988

அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு படகுகளைக் காக்க வைத்துவிட்டேன், திட்டிவிட்டுப் போனார்கள்.

அவரிடம் இன்றே பேசு. மறைத்து வைத்திருப்பவரைச் சுற்றி வளைத்துக் கேட்காதே, நேராகக் கேள். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. முகாமை விட்டுவிட்டு இன்றே கிளம்பு. கேரவன் அங்கேயே நிற்கட்டும், நான் வந்து இழுத்துக்கொள்கிறேன்.

நீ உண்மையை எழுதிவிட்டாய், நானும் எழுதுகிறேன். அந்தக் காலை வளைத்தது நான்தான். மே மாதம் கிளம்புகிற அவசரத்தில் மூன்று கால்களை மடக்கிவிட்டு நான்காவதை மறந்து காரை எடுத்துவிட்டேன். தரையை உழுதுகொண்டு இருபது அடி வந்தது. டவுட்சன் கத்தித்தான் நிறுத்தினேன். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய், அத்தானிடம் சொன்னால் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார், அந்தப் பார்வைக்குப் பயந்து மறைத்தேன். அப்புறம் அவர் மேல் பழியைப் போட வசதியாக இருந்தது, போட்டேன்.

எனக்கு இப்போது எழுத வரவில்லை. என்ன சொன்னார்கள் என்று உடனே தெரியப்படுத்து.

யெல்லே


க்ரோனிங்கன் மருத்துவமனை
12 செப்டம்பர் 1988

அன்புள்ள யெல்லே,

நேராகத்தான் கேட்டேன். கேரவன் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு என்ன செய்யுது? பொய் சொன்னீங்கன்னா இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்றேன். ஒரு ஷூவை மாட்டி, நாடாவை இழுத்துக் கட்டினார். பிறகு சொன்னார்: "குமிழி சரிதான்டி. யெல்லே எதையும் கோணலா ஒட்டலை. எனக்குத்தான் எல்லாம் சாஞ்சு தெரியுது."

அக்டோபர் கடைசியில் ஒரு வீட்டில் குளியலறைத் தரை போட்டிருக்கிறார். தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வாசலுக்கு வந்திருக்கிறது. அந்த வீட்டுக்காரர் நல்லவர், சத்தம் போடவில்லை. இவரே தரை முழுவதையும் பெயர்த்து எடுத்து இன்னொரு ஆளை வைத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு, மறுவாரம் முழங்கால் வலி என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்போதே தெரிந்திருக்கிறது. பழைய ரசமட்டத்தைச் சுரண்டி எடுத்ததும் அவர்தான். புதியதில் பீர் அட்டையைச் சொருகினது ஏன் என்று கேட்டேன். "ஒரு தடவையாவது நான் நிறுத்தினதும் குமிழி நடுவுல வரணும்னு ஆசையா இருந்துச்சு. நீ பார்த்துட்டு இருந்தே" என்றார்.

இங்கே பெரிய மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது காதுக்கு உள்ளே, மூளைக்குப் பக்கத்தில், உடம்பை நேராக நிறுத்துகிற நரம்பில் ஒரு கட்டி. கெட்ட ஜாதிக் கட்டி இல்லை, மெதுவாக வளர்வதுதானாம். ஆனால் பெரிதாகிவிட்டது, இனி விட்டுவைக்க முடியாது. புதன்கிழமை காலை ஏழரைக்கு அறுக்கிறார்கள். எட்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்தக் காது போய்விடும். மற்றதைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, "நல்லபடியா நடக்கும்னு நம்புவோம்" என்றார். எனக்கு அந்தப் பேனாவைப் பிடிக்கவில்லை.

யெல்லே, உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் மேல் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. நீ தூரத்தில் இருந்தாய், திட்டினால் திருப்பித் திட்டுவாய். அவரைச் சந்தேகப்பட்டிருந்தால் நான் பயந்திருக்க வேண்டும். பயப்பட எனக்குப் பிடிக்காது.

ஆனால் அவர் மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கோடை முழுக்க உன்னைப் பொய்யன், திருடன் என்று எழுதி எழுதி அவரிடமே சத்தமாகப் படித்துக் காட்டினேன். எதிரே உட்கார்ந்து கேட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உறையில் தபால்தலையை எச்சில் தொட்டு ஒட்டிக் கொடுத்தது அவர்தான். என் தம்பியை நான் இழந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டார். அதை நான் சும்மா விடுவதாக இல்லை.

இப்போது திட்டவில்லை. தலைமுடியை மழித்துக்கொண்டு, நர்ஸிடம் பயமே இல்லாதவர் மாதிரி கிண்டல் பேசிக்கொண்டிருக்கிற மனுஷனை எப்படித் திட்டுவது? எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை கண் விழித்ததும் முதலில் என் வாயில்தான் விழ வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். "சரி, காத்திருக்கேன்" என்றார்.

அவர் கண் விழிக்க வேண்டும், யெல்லே. நான் இன்னும் திட்டவே இல்லை.

நீ ஏழு மணிக்கே வந்துவிடு. டவுட்சனையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அக்கா
மின்கே